பிடித்தம்

சம்பளச் சீட்டில் ஏழாவது கட்டம்.
வைப்பு நிதிக்கும் பண்டிகை முன்பணத்துக்கும் நடுவே
ச. சந்தா: நாற்பது.
பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்பதை
யாரும் உற்றுப் பார்த்ததில்லை.
நானும்தான்.
நான் பொருளாளர்.

அதற்கு முன்னெல்லாம்
சம்பளத்தன்று சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பேன்,
கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தோடு.
அஞ்சு ரூபாய் கொடுக்க
ஐம்பது ரூபாய்க்குத் திட்டுவார்கள்.
தார்ப்பாய் கேட்டோமே, வந்ததா?
கக்கூசுக்குக் கதவு எப்போ?
திட்டு முடிந்தால்தான் ரசீது கிழியும்.
அப்புறம் ஒப்பந்தம் போட்டோம்.
பதினெட்டாவது ஷரத்து:
சந்தாவை ஆலையே பிடித்துத் தரும்.
அம்மாப்பேட்டைக் கடைத்தெருவில் சரவெடி.
அன்றோடு என் காதுக்கு வேலை போயிற்று.

வழக்குப் போட்டவள் ராசகிளி,
தவிட்டுப் பிரிவு.
புருவம்வரை உமித்தூள் அப்பியிருக்கும்,
சிரித்தால்தான் ஆள் தெரியும்.
எதிர்மனுதாரர் ஒன்று, ஆலை.
இரண்டு, சங்கம்.
மூன்று, நான்.

மதுரைக்குப் போக
தஞ்சாவூரில் ஒரே பஸ்தான் பிடித்தோம்.
அவள் மூன்று சீட்டு முன்னால்.
புதுக்கோட்டையில் டீக்கு இறங்கி
ஆளுக்கொரு தூணைப் பார்த்து நின்றோம்.
என் டிக்கெட் சங்கக் கணக்கு.
அதில் அவள் நாற்பதும் இருந்தது.
எங்கள் வக்கீல் கட்டணத்திலும் இருந்தது.
இது திருமயம் தாண்டித்தான் உறைத்தது.
வெயில் வேறு முகத்தில்.

ஐந்து வாய்தா.
ஆறாவதில் எங்கள் வக்கீல் எழுந்தார்:
'வாய்க்கால் வெட்ட வராதவன் வயலுக்கும்
தண்ணீர் பாய்கிறது, அய்யா.
போனஸ் அவருக்கும்தானே வந்தது?
வெட்டுகூலியில் பங்கு தர வேண்டாமா?'
நியாயம்தான்.
அவள் வக்கீல் சின்னப் பையன், கோட்டு பெரிசு.
'வெட்ட வா என்று கூப்பிட்டார்களா, கேளுங்கள்'
என்று உட்கார்ந்துவிட்டான்.
அதுவும் நியாயம்தான்.

நீதிபதி கேட்டது ஒன்றே:
'இந்தம்மா கையெழுத்து எங்கே?'
ஒப்பந்தத்தைப் புரட்டினோம்.
மேலாளர் கையெழுத்து, செயலாளர் கையெழுத்து,
சாட்சிக்கு என் கையெழுத்து.
முந்நூற்று நாற்பது பேர் கூலியில் கைவைக்க
மூன்று பேனா.

எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல்
பிடிக்கக் கூடாது என்று ஆயிற்று.
அடுத்த மாதம் ஏழாவது கட்டம்
முந்நூற்றுப் பத்துப் பேருக்குக் காலி.
மேலாளர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.
ராசகிளியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டாராம்.
அவள் உட்காரவில்லையாம்.
'ஈரநெல்லுன்னு எங்க அண்ணன்கிட்ட
மூட்டைக்கு ரெண்டு கிலோ பிடிச்சீங்களே,
அதுக்கு யாரு சம்மதம் குடுத்தா?'
என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.
பியூன் சொன்னான்.
அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஒரே சொல்தான்,
பிடித்தம்.
மனசுக்கும் அதுதான், கூலிக்கும் அதுதான்.
பன்னிரண்டு வருஷம்
ஒன்றை இன்னொன்றென்று கணக்கெழுதியிருக்கிறேன்.

பரணிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
பாதியைக் கரையான் தின்றிருந்தது.
சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன்.
பாதிப்பேர் பெடலை மிதித்துப் போனார்கள்.
இரண்டு பேர் நின்று திட்டினார்கள்,
காசு தரவில்லை.
வயிறு நிறைந்த மாதிரி இருந்தது, ஏனென்று தெரியாது.

கடைசியில் ராசகிளி.
'உத்திராபதி கை பெல்ட்டுல போச்சே,
அன்னைக்கு எங்க இருந்தீங்க?'
மன்னார்குடியில் மாநாடு, என்றேன்.
'அதையும் எழுதிக்க.
நாற்பதை அப்புறம் பாக்கலாம்.'

எழுதினேன்.
கார்பனைத் திருப்பி வைத்திருக்கிறேன் போல.
அடித்தாள் வெள்ளையாகவே இருந்தது.
எழுதிய தாளின் முதுகில்
உத்திராபதி பெயர்
தலைகீழ்க் கண்ணாடியில் போல
நீலமாக.

நிமிர்ந்தபோது
அவள் வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்,
கேரியரில் தவிட்டு மூட்டை,
எதிர்க்காற்று.